எப்சிபா என்று பெயர் வைத்தார்கள்

எப்சிபா மகனின் வேலைச் சட்டைக்குப் பெட்டி போட்டுக்கொண்டிருந்தாள். சிரட்டைக் கரி கனன்று பெட்டி நன்றாகச் சூடேறியிருந்தது. கஞ்சிக்கு அரிசி ஏது? மரவள்ளிக் கிழங்கு ஊறிய தண்ணீரில் அடியில் தங்கும் மாவைக் காய்ச்சித்தான் முக்கியெடுத்திருந்தாள். சோப்பும் இல்லாத காலம். சாம்பலில் ஊறிய துணி எத்தனை அலசினாலும் பழுப்பாகத்தான் நிற்கும். கழுத்துப்பட்டியும் கைப்பட்டியும் விறைப்பாக இருந்துவிட்டால் மற்றதை யாரும் உற்றுப் பார்க்கமாட்டார்கள் என்று அந்த இரண்டையும் மட்டும் திரும்பத் திரும்ப அழுத்தினாள்.

"தேய்ச்சுத் தேய்ச்சே அந்தச் சட்டைய ஒண்ணுமில்லாம ஆக்கிடுவீங்க போல இருக்கேக்கா" என்று சொல்லிக்கொண்டே பின்வாசல் வழியாகப் பூங்காவனம் வந்தாள். அடுத்த வீட்டுக்காரி. ஆறு மாத வயிறு. வந்தவள் முறத்தை இழுத்து வைத்துக்கொண்டு, யாரும் சொல்லாமலே கீரையை ஆயத் தொடங்கினாள்.

"ஆபீஸுக்குப் போற புள்ள. கசங்கிப்போய் நின்னா ஜப்பான்காரன் அறைவானாம்."

"கசங்காம போனாலும் அறையத்தான் செய்றான்."

இருவரும் சிரித்தார்கள். ஆயிரத்துத் தொளாயிரத்து நாற்பத்து மூன்றாம் வருடத்தில் மலாக்காவின் காஜா பெராங் சாலையில் சிரிப்பதற்குக் கிடைத்தவை இப்படிப்பட்ட விஷயங்கள்தான்.

செட்டிக் கம்பத்துக் குடியிருப்பை ஒட்டிய அத்தாப்பு ஓலைக் கூரைப் பலகை வீடு எப்சிபாவுடையது. ஒரு முன்னறை, ஒரு பின்னறை, நடுவில் ஒரு துணித் திரை. நாற்பத்தாறு வயது விதவை. ஒரே மகன் எட்வினுக்கு இருபத்து நாலு. இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் கடைசிப் பரீட்சை வரை தேறியவன். ஆறே மாதத்தில் ஜப்பான் மொழியையும் பிடித்துக்கொண்டதால், வேலைக்கு ஆள் எடுக்கும் ஆபீஸில் எழுத்துவேலைக் கிராணியாகச் சேர்த்துக்கொண்டார்கள். அந்த வேலையால் மாதத்தில் நாலைந்து நாள் வீட்டில் சோறு உண்டு. எப்சிபா அதைத் தனியாகச் சாப்பிட்டவளில்லை. பூங்காவனத்துக்கு ஒரு கிண்ணமாவது போகும்.

"அக்கா, பொறக்கப்போறது பொண்ணா இருந்தா உங்க சாமி பொஸ்தகத்துல இருந்து ஒரு பேரு சொல்லுங்க. மாரியம்மா கோவிச்சுக்கமாட்டா, நான் பேசிக்கிறேன். உங்க பேருக்கு என்ன அர்த்தம்?"

"எபிரேய மொழி. 'என் பிரியம் அவள்மேல்'னு அர்த்தம்."

"யாரு பிரியம்?"

"ஆண்டவரோடது."

"நான் உங்க வீட்டுக்காரரோடதாக்கும்னு நெனச்சேன்."

"அவரு பிரியமெல்லாம் பாட்டில்மேல. நான் இருந்ததே பாதி நாள் அவருக்குத் தெரியாது."

பூங்காவனம் கீரைக்காம்பைக் கையில் வைத்துக்கொண்டே குலுங்கிச் சிரித்தாள். எப்சிபாவும் சிரித்துவிட்டுச் சட்டையைத் திருப்பிப் போட்டாள்.

அந்தப் பெயருக்கு ஒரு கதை இருந்தது. எப்சிபாவின் அப்பா வேதமாணிக்கம், திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கப்பலேறி வந்த உபதேசியார். சைக்கிளில் ரப்பர் தோட்டம் தோட்டமாகப் போய் ஜெபம் நடத்துகிறவர். அவருக்கு மூன்று பெண்கள் பிறந்து, நாலாவதும் பெண்ணாகப் பிறந்தபோது ஊரிலிருந்து உறவுக்காரர்கள் துக்கம் விசாரிப்பதைப்போல் கடிதம் எழுதினார்கள். வேதமாணிக்கத்துக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. இடிந்து கிடந்த ஒரு நகரத்தைப் பார்த்து, இனி உன்னைக் கைவிடப்பட்டவள் என்று எவனும் சொல்லமாட்டான், எப்சிபா என்றுதான் சொல்வார்கள் என்று தீர்க்கதரிசி சொல்லும் இடத்தை எடுத்து வைத்துக்கொண்டு, அந்தப் பெயரையே குழந்தைக்குச் சூட்டினார். ஊருக்கும் பதில் எழுதினார். ஒரே வரி. பெயர், அதன் அர்த்தம், கீழே கையெழுத்து.

பன்னிரண்டு வயதில் எப்சிபா அந்தப் பெயரை வேதத்தில் வேறொரு இடத்தில் கண்டுபிடித்துவிட்டாள். ராஜாக்களின் கதையில் ஒரு வரி. மனாசே என்ற ராஜா பன்னிரண்டு வயதில் பட்டத்துக்கு வந்தான், ஐம்பத்தைந்து வருடம் ஆண்டான், அவன் தாயின் பெயர் எப்சிபா. அதற்குப் பிறகு வருவதெல்லாம் அவன் செய்த அக்கிரமம். குற்றமில்லாத ரத்தத்தால் எருசலேமை ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை நிரப்பினான் என்று எழுதியிருந்தது. தாயைப் பற்றி அதன்பின் ஒரு சொல்கூட இல்லை.

"அப்பா, இந்த அம்மா பேரையா எனக்கு வச்சீங்க?"

"இல்லம்மா, நகரத்தோட பேரை வச்சேன். தீர்க்கதரிசி அந்த அம்மா காலத்துல அரண்மனைப் பக்கம் போய்வந்த மனுஷன். ராணி பேரைக் காதால கேட்டிருப்பாரு. நல்லாருக்கேன்னு ஊருக்கே வச்சுட்டாரு. அப்படித்தான் நான் நெனச்சுக்கிறது."

"மகன் அத்தனை பேரைக் கொல்லும்போது அந்த அம்மா என்ன செஞ்சாங்க?"

"எழுதலை."

"அவனைத் தட்டிக் கேக்கலையா?"

"எழுதலைன்னு சொல்றேன்ல? போ, போய் விளக்குச் சிமிழியைத் துடை."

பதினெட்டு வயதில் ராஜரத்தினம் என்ற தோட்டத்து ஆஸ்பத்திரி டிரஸ்ஸருக்கு அவளைக் கட்டிக்கொடுத்தார்கள். தோட்டக் காய்ச்சலில் இரண்டு பிள்ளைகள் போய், மூன்றாவதாக எட்வின் தங்கினான். ஆண்பிள்ளை பிறந்ததும் ராஜரத்தினம் குடிபோதையில், "எப்சிபா மகன்தானே, மனாசேன்னு வச்சிட்டாப் போச்சு" என்றார். பிரசவத்துக்குப் பிறகு சரியாக எழுந்து உட்காரக்கூட முடியாதவள், அன்றைக்கு மட்டும் எழுந்து உட்கார்ந்து முடியாது என்றாள். தோட்டத்து டாக்டர் துரையின் பெயரை வைத்தார்கள். ராஜரத்தினம் போன பிறகு தையல் மெஷினை மிதித்து அந்தப் பிள்ளையைப் படிக்கவைத்தாள்.

ஜப்பான்காரன் வந்ததும் வெள்ளைக்காரப் பாதிரியாரைச் சிங்கப்பூருக்குப் பிடித்துக்கொண்டு போனான். கோயில் பூட்டிக் கிடந்தது. அதனால் வெள்ளிக்கிழமை நாலு மணிக்குப் பெண்கள் எப்சிபாவின் முன்னறையில் கூடினார்கள். ஏழெட்டுப் பேர். வேதக்காரப் பெண்களோடு பூங்காவனமும் வந்து உட்காருவாள்.

உபதேசியார் மகள் நடத்தும் ஜெபத்துக்கு ஒரு முறை இருந்தது. 'எல்லாரையும் காப்பாற்றும்' என்று பொத்தாம்பொதுவாகக் கேட்பது சோம்பேறிகளின் ஜெபம் என்று அப்பா சொல்வார். யாருக்காகக் கேட்கிறோமோ அவன் பெயர், வயது, அவன் இருக்கும் இடம், அவனுக்குள்ள ஆபத்து எல்லாவற்றையும் வாய்விட்டுச் சொல்லவேண்டும். ஆண்டவருக்குத் தெரியாதா என்று யாராவது கேட்டால், "அவருக்குத் தெரியும். உனக்குத் தெரியுமா?" என்பார்.

எப்சிபா அதே முறையில் ஒரு ஜெபத் தாள் வைத்திருந்தாள். கணவர் விட்டுப்போன மருந்துச் சீட்டுகளின் பின்பக்கத்தில் அழகான கையெழுத்தில் எழுதுவாள். சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடிக்கத் தொடங்கிய பிறகு தாள் நீண்டுவிட்டது. வீட்டுக்கு வீடு ஆண்பிள்ளைகள் ஒளிந்தார்கள். ஒருத்தியின் தம்பி எண்ணெய் ஆலையின் பரணில். ஒருத்தியின் மருமகன் புக்கிட் காதில் கிராமத்தில், சொந்தக்காரர் வீட்டு மாட்டுக் கொட்டகையில். பூங்காவனத்தின் கணவன் நடராஜன் லோரி ஓட்டியவன். லோரியை ராணுவம் எடுத்துக்கொண்ட அன்றே, ஜெபத்துக்கு வரும் செட்டிக் கம்பத்து அன்னம்மா குருபோங் கிராமத்தில் தன் அண்ணனின் தோட்டத்தில் அவனை ஒளித்துவைத்தாள்.

"எங்க வீட்டுக்காரரு பேரையும் எழுதிக்குங்கக்கா" என்று பூங்காவனம்தான் கேட்டாள்.

"வயசு?"

"முப்பத்தொண்ணு. குருபோங். அன்னம்மா அண்ணன் தோட்டம், டுரியான் மரத்துக்குப் பின்னால குடிசை. நல்லா வெவரமா எழுதுங்க, உங்க சாமிக்கு எங்க வீட்டு ஆளு புதுசு. மாறி வேற எங்கியாவது போயிடப்போறாரு."

எல்லாரும் சிரித்தார்கள். எப்சிபா சிரிக்காமல் விவரமாக எழுதினாள். தாளில் மொத்தம் பதினொரு பெயர். முதல் பெயர் எட்வினுடையது. அவள் எழுதத் தொடங்கியதே அவனுக்காகத்தான்.

தங்கள் வீட்டிலும் ஒரு தாள் இருந்தால் தினமும் ஜெபிக்கலாமே என்று பெண்கள் கேட்டார்கள். கண் மங்கிக்கொண்டு வந்த எப்சிபாவுக்கு எட்டு முறை எழுத முடியவில்லை. எட்வினிடம் கொடுத்தாள். அவன் ஆபீஸ் மிஷினில் கார்பன் வைத்து, இங்கிலீஷ் எழுத்தில் அடித்துக் கொண்டுவந்தான். படிக்கத் தெரியாத பெண்களும் அதைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார்கள். "தம்பிக்கு ஆயுசு கெட்டி" என்று பூங்காவனம் விரல் நெறித்துத் திருஷ்டி கழித்தாள். எப்சிபாவின் கையெழுத்துத் தாள் மட்டும் ஆபீஸிலிருந்து திரும்பி வரவில்லை. அவளும் கேட்கவில்லை.

அடுத்த மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, ஒன்பது மணி வெயிலில் லோரிகள் வந்தன. வழக்கமாகப் பாசாரையும் சினிமாக் கொட்டகையையும் வளைத்துக் கிடைத்தவனை ஏற்றிக்கொண்டு போவார்கள். அன்றைக்கு அப்படி இல்லை. கையில் தாளோடு வந்தவர்கள் எண்ணெய் ஆலைக்குள் நுழைந்து நேராகப் பரணுக்கு ஏணி வைத்தார்கள். இன்னொரு லோரி புக்கிட் காதிலில் வீட்டுக்குள்ளேயே போகாமல் மாட்டுக் கொட்டகைக்குப் போனது. குருபோங்கில் அன்னம்மாவின் அண்ணனைக் கேள்வியே கேட்காமல் அடித்துத் தள்ளிவிட்டு, டுரியான் மரத்துக்குப் பின்னால் போனார்கள்.

மத்தியானத்துக்குள் செய்தி ஒன்றன்பின் ஒன்றாக வந்து சேர்ந்தது. ஒவ்வொரு பெயரையும் கேட்கக் கேட்க எப்சிபாவுக்கு அடுத்த பெயர் இன்னதென்று வாயில் வந்தது. நாலாவது பெயருக்குப் பிறகு கேட்கவேண்டிய அவசியமே இல்லை. பதினொரு பேரில் பத்துப் பேர். முதல் பெயர்க்காரன் சாயங்காலம் ஆறு மணிக்குச் சைக்கிளைப் பலகைச் சுவரில் சாய்த்துவிட்டு, கை கழுவிக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தான்.

"கொழம்புல உப்பு இல்லம்மா."

"கடையிலயும் இல்ல. நான் எழுதிக் கொடுத்த தாள் எங்க?"

"எந்தத் தாள்?"

"எட்வின்."

அவன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். பிசைந்த சோறு கூழாகிப் போனது.

"ஜப்பான்காரன் நாப்பது பேர் கேட்டான்" என்றான் கடைசியில். "எங்க தேடியும் முப்பதுதான் வந்துச்சு. கொறைஞ்சா ஆபீஸ் ஆளுங்களை ஏத்துவேன்னான். சும்மா சொல்லலம்மா. போன மாசம் சேதுபதிய ஏத்துனான். என் பக்கத்து மேசை. மூக்குக் கண்ணாடியக்கூட எடுத்துக்க விடல, இன்னும் மேசை மேலதான் கெடக்கு."

"அதுக்கு?"

"தாள் டிராயர்ல இருந்துச்சு. நான் தேடிப் போகல. டிராயரைத் தொறந்தேன், மேலயே இருந்துச்சு. நீ அடிக்கக் கொடுத்தப்போ நான் ஒண்ணும் மனசுல வச்சுக்கிட்டு வாங்கல. சத்தியமா இல்ல."

அது உண்மை என்று எப்சிபாவுக்குத் தெரிந்தது. தெரிந்து எந்த ஆறுதலும் கிடைக்கவில்லை.

"நடராஜனை மட்டுமாவது எறக்கி விடு. பூங்காவனத்துக்கு ஏழு மாசம்."

"எறக்கினா நாப்பதுல ஒண்ணு கொறையும். யாரைப் போட? நீ சொல்லும்மா. ஒரு பேரு சொல்லு. நாளைக்கே மாத்தி அடிச்சிட்டு வர்றேன்."

எப்சிபாவுக்கு அந்தத் தெருவில் எல்லாருடைய பெயரும் தெரியும். வயது தெரியும். இருக்கும் இடமும் தெரியும்.

"பாத்தியா" என்றான் எட்வின். குரல் பெண்பிள்ளையைப்போல் கீச்சென்று உடைந்தது. "வெளில வாயத் தொறக்காதேம்மா. ரெண்டு மாசம் முன்னாடி காட்டிக்கொடுத்தான்னு ஒருத்தனைக் கிணத்துல போட்டாங்கல்ல? அன்னம்மா அண்ணனுக்குக் காட்டுக்குள்ள இருக்கிற கொரில்லா ஆளுங்களைத் தெரியும். ஊர்ல சந்தேகப்படறது வேற. நீயே ஆமான்னு சொன்னேன்னு வச்சுக்க, அன்னிக்கு முடிஞ்சுச்சு என் கதை."

எப்சிபாவுக்கு அவனை அறையவேண்டும் என்று வந்தது. அதே கையால் ரசத்தை எடுத்து அவன் தட்டில் ஊற்றினாள். பசியோடு எழுந்து போய்விடுவானோ என்ற பயம் எல்லாவற்றுக்கும் முன்னால் வந்து நின்றதை, தானே அருவருப்போடு கவனித்தாள்.

பிடிபட்டவர்களை ஒரு பழைய ரப்பர் கிட்டங்கியில் அடைத்திருந்தார்கள். மலாக்காவிலிருந்து தம்பினுக்குப் போகும் தண்டவாளத்தைச் சயாமுக்கென்று முன்னமே பிடுங்கிப் போயிருந்ததால், தம்பின் வரை லோரியில் ஏற்றி, அங்கிருந்து ரயிலில் அனுப்பவேண்டும். லோரிக்குக் காத்திருந்த இரண்டு நாளும் பெண்கள் பலகைச் சந்து வழியாகச் சாப்பாடு கொடுத்தார்கள். தனியாகப் போகப் பயமாக இருக்கிறது என்று பூங்காவனம் எப்சிபாவைத் துணைக்கு அழைத்தாள். மாட்டேன் என்று சொல்ல ஒரு காரணமும் கிடைக்கவில்லை.

நடராஜனின் கண் வீங்கியிருந்தது. பெண்டாட்டி முன்னால் அதை ஒரு பொருட்டாகக் காட்டிக்கொள்ளவில்லை.

"மூணு மாசந்தானாம். புள்ள பொறக்கறப்போ இல்லாட்டியும் முப்பதாம் நாளுக்கு வந்துருவேன். நீ மரவள்ளிக் கெழங்கையே தின்னுக்கிட்டு இருக்காத. அக்கா, இவளைப் பாத்துக்குங்க."

"சரி தம்பி" என்றாள் எப்சிபா.

"ஒண்ணுதான்க்கா புரியல. தேடவே இல்ல அவங்க. சட்டைப் பையில வச்ச பொருளை எடுக்கிற மாதிரி வந்து எடுத்தாங்க. அந்தக் குடிசைக்கு வழி அன்னம்மா வீட்டுக்கும் இவளுக்கும்தான் தெரியும்." காவலுக்கு நின்றவன் பலகையைத் தட்டினான். நடராஜன் அவசரமாகச் சொன்னான்: "ஜெபத்துல என் பேரை விட்டுறாதீங்க."

திரும்பி வரும்போது பூங்காவனம் எப்சிபாவுக்கு நாலடி முன்னால் நடந்தாள். வாயோயாமல் பேசுகிறவள், தெருமுனையில் நின்று, "இடுப்பு வலிக்குது" என்று மட்டும் சொன்னாள். எப்சிபா கையைப் பிடிக்கப் போனபோது, வேண்டாம் என்று சைகை காட்டினாள்.

வியாழக்கிழமை லோரிகள் தம்பினுக்குக் கிளம்பின.

வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு எப்சிபா முன்னறையில் பாய் விரித்தாள். எதற்கென்று அவளுக்கே தெரியவில்லை. விரிக்காமல் விட்டால் அதுவே ஒரு பதில் ஆகிவிடும் என்று தோன்றியிருக்கலாம். எட்வின் காய்ச்சல் என்று ஆபீஸுக்குப் போகாமல் பின்னறையில் படுத்திருந்தான். நாலேகால் ஆனது. நாலரை ஆனது. ஒருத்தியும் வரவில்லை. எதிர்வீட்டுப் பெண் துணி எடுக்க வெளியே வந்தவள், இந்த வாசலைப் பார்த்ததும் துணியைக் கொடியிலேயே விட்டு உள்ளே போய்விட்டாள்.

ஐந்து மணிக்குப் பூங்காவனம் வந்தாள். எப்போதும் பின்வாசல் வழியாக வருகிறவள், முன்வாசலில் நின்று, "அக்கா" என்று கூப்பிட்டாள். எப்சிபா எழுந்ததும் உள்ளே வந்து பாயின் ஓரத்தில் உட்கார்ந்தாள். மூச்சு வாங்கியது. இடுப்பிலிருந்து ஒரு தாளை எடுத்துப் பிரித்து நடுவில் வைத்தாள். மிஷினில் அடித்த தாள்.

"எனக்கு இங்கிலீசு தெரியாது. அன்னம்மா மகள் பள்ளிக்கூடம் போனவ. அவகிட்ட வாசிக்கச் சொன்னேன்."

எப்சிபா தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நடராஜன், முப்பத்தொண்ணு, குருபோங், அன்னம்மா அண்ணன் தோட்டம், டுரியான் மரத்துக்குப் பின்னால. நான் சொன்னது ஒண்ணுகூட மாறல. நல்லா எழுதியிருக்கீங்கக்கா."

"பூங்காவனம்…"

"இருங்க. நான் கேட்டுடறேன். மத்தவங்கள்லாம் அவங்களுக்குள்ளயே பேசி முடிச்சிட்டாங்க. நான்தான், அக்கா வாயால கேக்காம ஒண்ணும் சொல்லாதீங்கன்னு அவங்ககூடச் சண்டை போட்டேன். அக்கா பொய் சொல்லமாட்டாங்கன்னேன். அன்னம்மாவும், சரி, நீ போய்க் கேட்டுட்டு வா, அதுவரைக்கும் அண்ணன்கிட்ட ஒண்ணும் சொல்லலன்னாங்க. அதனால பெரிசா ஒண்ணும் சொல்லவேணாம். ஆமான்னா ஆமா. இல்லேன்னா இல்ல. இந்தத் தாளைப் பாத்துத்தான் எங்க வீட்டுக்காரரைப் புடிச்சாங்களா?"

திரைக்குப் பின்னால் கட்டில் ஒருமுறை கிறீச்சிட்டு நின்றது. பூங்காவனத்தின் கண் திரைப் பக்கம் போய்த் திரும்பி வந்தது.

ஆமா என்றால், பொழுது சாய்வதற்குள் அன்னம்மாவின் அண்ணன் காதுக்குப் போகும். அவன் இருட்டுவதற்கு முன்பே நொண்டிக்கொண்டு காட்டுப் பக்கம் கிளம்புவான். இல்லை என்றால், இந்தப் பெண் நம்புவாள். நம்பி, நாளைக்குக் கீரை ஆய வருவாள். பிள்ளையைப் பெற்று இந்த மடியில் கொண்டுவந்து போட்டுப் பெயர் கேட்பாள். எப்சிபா வாயைத் திறந்தாள். இரண்டு சொல்லும் நாக்கில் இருந்தன. இரண்டும் சின்னச் சொல்தான். பெற்றவள் வாய் அதில் எதையும் வெளியே தள்ளவில்லை.

பூங்காவனம் காத்திருந்தாள். அவசரப்படுத்தவில்லை. நெற்றியில் வடிந்த வியர்வையைக்கூடத் துடைக்காமல், மூத்தவள் முகத்தையே பார்த்துக்கொண்டு, வகுப்பில் பாடம் கேட்கும் பிள்ளையைப்போல் உட்கார்ந்திருந்தாள்.

"அக்கா, உங்களைத்தான் கேக்குறேன்" என்றாள் இன்னொரு தரம், மெதுவாக.

பிறகு தாளை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். ஒரு கையைப் பாயில் ஊன்றி, மறுகையால் கதவு நிலையைப் பிடித்து, இரண்டு முயற்சியில் எழுந்தாள். நிலைப்படியில் கொஞ்சம் நின்றாள். பின்னாலிருந்து ஒரு சத்தமும் வராமல் போகவே, படியிறங்கிப் போனாள்.